முப்பத்திரண்டு காசுகளும் என் கையெழுத்தும்

செப்டம்பர் 27, சனி

காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. அறிவியலில் தொண்ணூறுக்குக் குறையாது.

இந்த நோட்டு கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த பரிசு. இதில் வீட்டுக்கணக்கோ கோலமோ போடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தில் எழுதியாயிற்று: கோ. கோகிலவாணி, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பள்ளிப்பாளையம்.

இன்று அம்மா சேலத்திலிருந்து காசு வாங்கி வந்தார். அம்மா பதினோரு வருடமாக எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். முப்பத்திரண்டு பேர். வாரம் தவறாமல் கட்டுவார்கள். தீபாவளிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பை. அதில் நெய், கடலை மாவு, பட்டாசுப் பெட்டி, ஒரு எவர்சில்வர் டப்பா, பத்து கிராம் வெள்ளிக் காசு ஒன்று. நெய்யும் மாவும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தக் காசுக்காகத்தான் எல்லோரும் சேருகிறார்கள். நான்கு வருடம் சேர்த்தால் பெண்ணுக்கு ஒரு ஜோடிக் கொலுசு அடித்துவிடலாம்.

வெள்ளி விலை ஜனவரியில் இருந்ததைப் போல இப்போது இரண்டு மடங்காம். பெரிய கடைகளில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கோவர்த்தனம் என்று ஒரு கடைக்காரர் மட்டும் கிட்டத்தட்டப் பழைய விலைக்கே தந்திருக்கிறார். "பொம்பளைங்க சிறுவாட்டுக் காசு, அதுல நான் லாபம் பாக்க மாட்டேனுங்க்கா" என்றாராம். எவ்வளவு நல்ல மனிதர்!

போன வருடக் காசு ஒன்று சாமி அலமாரியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அகலம் ஒன்றுதான். ஆனால் புதிய காசு கொஞ்சம் தடியாக இருக்கிறது. மளிகைக் கடைத் தராசில் இரண்டும் பத்து கிராம். அப்பா விரலால் உருட்டிப் பார்த்து, "பரவால்லியே, இந்த வருசம் கெட்டியாத்தான் குடுத்திருக்கான்" என்றார்.

அம்மா பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு திறந்து பார்த்தார். பிறகு பூட்டினார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று நான் ஒரு முக்கியமான வேலை செய்தேன். முறையாக எழுதுகிறேன்.

காலையில் குழாயடியில் லோகநாயகி அத்தை எல்லோர் முன்னாலும் அம்மாவிடம் கேட்டார்: "ஏம் பாக்கியம், வெள்ளி விக்கிற வெலைக்கு உனக்கு மட்டும் எவன் பத்து கிராம் குடுத்தான்? இல்ல, ஈயத்துல வெள்ளி பூசுனதக் கீது வாங்கியாந்துட்டியா?"

லோகநாயகி அத்தை அப்படித்தான். கல்யாணப் பந்தியில் பாயசத்தில் முந்திரியை எண்ணிப் பார்ப்பவர். ஆனால் அம்மா பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் சோதனை பண்ணிச் சொல்றேன் அத்தை" என்றேன்.

"பண்ணு கண்ணு. நீதான எங்க தெருவு விஞ்ஞானி."

சோதனை ஒன்று: காந்தம். ஒட்டவில்லை. ஆகவே இரும்போ நிக்கலோ இல்லை.

சோதனை இரண்டு: ஓசை. தரையில் சுண்டினால் நல்ல மணியோசை.

சோதனை மூன்று: பனிக்கட்டி. கோவர்த்தனம் கடையிலேயே ஐஸ் துண்டைக் காசின் மேல் வைத்துக் காட்டினாராம். வெண்ணெய் மாதிரிக் கரைந்ததாம். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்! நூலகத்தில் எடுத்த இயற்பியல் புத்தகத்தில் வெப்பத்தைக் கடத்தும் உலோகங்களின் அட்டவணை இருக்கிறது. முதல் வரியில் வெள்ளி. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது அதுதான். நம் கைச்சூட்டையும் தரைச்சூட்டையும் இழுத்து ஐஸுக்குக் கொடுத்துவிடுகிறது.

வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டிலும் ஒரு காசிலும் ஐஸ் வைத்தேன். பத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். காசின் மேலிருந்தது கண்ணெதிரே கரைந்து வழிந்தது. தட்டின் மேலிருந்தது அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அம்மா உள்ளே கூப்பிட்டு, "நல்லாப் பாத்தியா கண்ணு?" என்றார்.

"பாத்தேன்மா."

"வெள்ளிதானே?"

"புத்தகத்துலயே இருக்குதும்மா."

சமையல் பாதியில் மறுபடி வந்து கேட்டார். சாப்பிட உட்கார்ந்த பிறகு மூன்றாவது முறை. மூன்று முறையும் அதையேதான் சொன்னேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒவ்வொரு பைக்கும் ஒன்றாக முப்பத்திரண்டு துண்டுச் சீட்டுகள் எழுதி முடித்தேன், பச்சை மையில்: "இக்காசு மூன்று முறைகளில் சோதிக்கப்பட்டது. தூய வெள்ளி. இப்படிக்கு, கோ. கோகிலவாணி." கையெழுத்தில் கடைசி 'ணி'யைச் சுழித்துவிட்டு இரண்டு புள்ளி வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று பை கொடுத்தோம். நான் பெயர் வாசித்தேன். அம்மா கொடுத்தார். பர்வீன் வீட்டுக்கு மட்டும் வருடாவருடம் லட்சுமி இல்லாமல் பூப்போட்ட காசு. அதையும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பர்வீன் என் வகுப்புதான். அவள் அம்மா சீட்டை வாசித்துவிட்டு, "என்னமா எழுதியிருக்குது பாரு, பத்திரம் மாதிரி" என்று பர்வீனை முறைத்தார். பர்வீன் எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

எல்லோருக்கும் காசு தடியாக இருப்பதில்தான் சந்தோஷம். "போன வருசத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார்கள். லோகநாயகி அத்தை மட்டும் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "காசு தொலைஞ்சாலும் இத விடமாட்டேன் சாமி" என்றார். பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. அறிவியல் கண்காட்சி அடுத்த செவ்வாய். நானும் பர்வீனும் பெயர் கொடுத்துவிட்டோம். தலைப்பு: "வெள்ளியை அறிவது எப்படி?" எங்களிடம் ஏற்கெனவே எல்லாம் தயார்.

அக்டோபர் 8, புதன்

தறியில் அப்பாவின் மணிக்கட்டு இடித்துக்கொண்டது. வீங்கிவிட்டது. ஒத்தடத்துக்கு ஐஸ் எடுக்கப்போனேன். அம்மா தீபாவளிக்காகப் பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்திருந்தார். ஐஸ் தட்டைத் தட்டியபோது ஒரு துண்டு தெறித்துச் செப்புத் தட்டின் மேல் விழுந்தது. அதை எடுப்பதற்குள் பாதி கரைந்துவிட்டது.

வேறொரு துண்டு வைத்தேன். கரைந்தது. காசைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றாகவே கரைந்தன.

"அம்மிணி, எங்கையி வீங்குது. நீ அங்க என்ன வெளையாடற?" என்று அப்பா கத்தினார்.

நூலகப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அட்டவணையின் முதல் வரி வெள்ளி. இரண்டாம் வரி செம்பு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அடுத்த வரியைப் படிக்கவில்லை.

ஆனால் இதனால் காசு வெள்ளி இல்லை என்று ஆகிவிடாது. என் சோதனை போதாது என்றுதான் ஆகும். இரண்டும் வேறு வேறு. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஆய்வகத்தில் மின்னணுத் தராசு இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் அனுமதி வாங்கினோம். எங்கள் வீட்டுக் காசு, பர்வீன் வீட்டுப் பூக்காசு, போன வருடக் காசு, ஆக மூன்று.

முறை: தம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி எண்ணைப் பூஜ்யம் ஆக்க வேண்டும். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். காசு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். வெள்ளி செம்பைவிட அடர்த்தி. அதனால் பத்து கிராம் வெள்ளி கொஞ்சம் இடத்தைத்தான் அடைக்கும். 0.95 வர வேண்டும். பத்து கிராம் செம்பு என்றால் 1.12.

போன வருடக் காசு: 0.95.

எங்கள் வீட்டுக் காசு: 1.11.

பூக்காசு: 1.12.

பர்வீன் நூலை மாற்றிக் கட்டினாள். நான் தண்ணீரை மாற்றினேன். நான்கு முறை செய்தோம். எண் மாறவில்லை.

"அதான் தடியா இருந்துச்சா?" என்றாள் பர்வீன்.

அதேதான். ஒரே எடை, ஒரே அகலம், ஆனால் தடிப்பு அதிகம். அப்படியென்றால் உள்ளே இருப்பது லேசான உலோகம். செம்பின் மேல் வெள்ளி முலாம். முதல் நாளே அது என் கையில் இருந்தது. தெருவே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது.

மிகச் சரியான சோதனை. இதுவரை நான் செய்ததிலேயே சிறந்தது. பள்ளிக்கூடக் கழிவறையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வகுப்புக்குப் போனேன். கண்ணில் தூசி.

அக்டோபர் 9, மாலை

வெந்தயக்கீரை ஆய்ந்தேன். அப்பாவுக்கு மருந்து தடவினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அம்மா அதிரசத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். 1.11 என்று ஆரம்பித்து, தடிப்பைப் பற்றியும் அடர்த்தியைப் பற்றியும் விளக்கிக்கொண்டே போனேன். அம்மா சல்லடையை நிறுத்தவில்லை.

"செம்பா?" என்றார்.

"ஆமாம்மா. மேல மட்டும் வெள்ளி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

நான் எதிர்பார்த்தது திட்டு. இல்லாவிட்டால் அழுகை. அம்மா மாவுக் கையைத் தட்டிவிட்டு, பதினைந்து நாளில் முதல்முறையாகச் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி. நாளைக்கு வீடு வீடாப் போயி வாங்கிட்டு வந்துருவம்."

"காசையாம்மா?"

"காசையும். உன்ற சீட்டையும்."

அக்டோபர் 11, சனி

முப்பத்திரண்டில் எங்களுடையது ஒன்று, பர்வீன் வீட்டினது ஒன்று. மீதி முப்பது வீடு. ஒவ்வொரு வாசலிலும் நானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கையெழுத்து என்னுடையது அல்லவா?

முதல் வாசலில் குரலே வரவில்லை. ஐந்தாவது வாசலில் பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது. பத்தாவதுக்குள் யார் கேட்டாலும் அடர்த்தியை விளக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். சிலர் "அட விடு கண்ணு" என்றார்கள். ஒருவர் அம்மாவைப் பார்க்காமல் காசை மட்டும் நீட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா பக்கத்தில் மஞ்சப்பையை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

கடைசியில் லோகநாயகி அத்தை வீடு. வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்தோம்.

அத்தை காசைக் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டைக் கொடுக்கவில்லை.

"அன்னைக்குக் கொழாயடியில நாங் கேட்டப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே. இப்ப எங்க போச்சு உங்க விஞ்ஞானம்? இந்தச் சீட்டுக்குக் கண்ணாடி போட்டு ஊட்டுல மாட்டப்போறேன். வர்றவன் போறவனெல்லாம் படிக்கட்டும், படிச்ச புள்ளை எழுதுன லட்சணத்த."

அப்போது அம்மா முன்னால் வந்தார்.

"லோகநாயகி, புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாத. பெரிய கடையில எல்லாம் வெலையக் கேட்டுட்டுத்தான் அந்தாளுகிட்டப் போனேன். பாதி வெலைக்கு ஒருத்தன் வெள்ளி தர்றான்னா அது என்னன்னு எனக்குத் தெரியாதா? உள்ளுக்குள்ள தெரிஞ்சுது. பதினோரு வருசமாப் பத்து கிராம் குடுத்தவ, இந்த வருசம் அஞ்சு கிராமுன்னு சொல்ல வாய் வரல. இவ வெள்ளின்னு சொல்லிப்போட்டா எம்மனசு ஆறிரும்னுதான் இவகிட்டத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தப்பு எம்மேலதான். இவ அத எங்கிட்டயே வந்து சொன்னா பாரு, அதுக்கு எனக்கே தைரியமில்ல."

அத்தை கதவைச் சாத்தவில்லை. சீட்டையும் கொடுக்கவில்லை.

அம்மா சொன்னதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. திரும்பி வரும்போது பையின் ஒரு காதை நானும் பிடித்துக்கொண்டேன், கனமாக இருந்ததால்.

அக்டோபர் 12, ஞாயிறு

இதை விரிவாக எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

காலையில் நானும் அம்மாவும் மட்டும் சேலம் போவதாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் ஒன்பது பெண்கள் நிற்கிறார்கள். நடுவில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு லோகநாயகி அத்தை.

"நீங்க எங்க அத்தை வர்றீங்க?"

"ஏன், உங்கொம்மா மட்டுந்தான் சேலம் போகணுமா? சண்டைன்னா நாலு பேரு வேண்டாமா?"

நான் நான்கு பொருள்கள் கொண்டுபோனேன்: கண்ணாடி தம்ளர், நூல், போன வருடக் காசு, எங்கள் வீட்டுச் செப்புத் தட்டு. கண்டக்டர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, கோயில்ல விசேசமா?" என்றார்.

தீபாவளி நேரம் என்பதால் கடையில் நல்ல கூட்டம். கோவர்த்தனம் வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், குரலில் தேன். அம்மா பையை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் பதறவே இல்லை.

"யாருங்க்கா உங்களைக் கொழப்பிவிட்டது? தம்ளரு, நூலு, அதெல்லாம் பள்ளிக்கூட வெளையாட்டுங்க. இப்பப் பாருங்க." ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு துண்டைக் காசின் மேல் வைத்தார். கரைந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள்.

"எனக்கும் ஒரு துண்டு குடுங்க அண்ணா" என்றேன்.

"இந்தா பாப்பா."

மஞ்சப்பையிலிருந்து செப்புத் தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அதன் மேல் ஐஸை வைத்தேன். அதே வேகத்தில் கரைந்து தட்டெல்லாம் தண்ணீர்.

"இது வெள்ளித் தட்டுங்களா அண்ணா?"

லோகநாயகி அத்தை, "அட, அப்ப எங்கூட்டுச் செம்பெல்லாம் வெள்ளி! நாந்தான் தெரியாம வெளக்கி வெளக்கி வெச்சுட்டேன்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

பிறகு அவருடைய தராசிலேயே தம்ளரை வைக்கச் சொன்னேன். முதலில் போன வருடக் காசு: 0.95. அடுத்து அவர் கொடுத்த காசு: 1.11. எண்ணைச் சத்தமாகப் படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணியைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, தன் கைப்பையைத் திறந்து அன்றைக்குத்தான் வாங்கிய காசை எடுத்தார். "பாப்பா, இதையும் பாரு." அவருக்குப் பின்னால் இன்னொருவர் தன் பையைத் திறந்தார். என் எதிரில் ஒரு வரிசையே உண்டாகிவிட்டது.

கோவர்த்தனத்தின் குரலில் தேன் இல்லை. "உள்ள வாங்க்கா, பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசுங்க" என்றார் அம்மா.

மேசைக்கு மேலேயே பேசி முடித்தார்கள். அம்மா கொடுத்த பணத்துக்கு, இன்றைய விலையில், நிஜ வெள்ளி. ஆளுக்கு ஐந்து கிராம். அதற்கு மேல் வராது என்று அம்மாவே சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு காசுகளையும் ஒவ்வொன்றாக நூலில் கட்டி நானே பார்த்தேன். எல்லாம் 0.47, 0.48. முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒன்பது பெண்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். லோகநாயகி அத்தை ஒவ்வொரு காசுக்கும் நூலைக் கத்தரித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் அம்மா எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். சங்ககிரி தாண்டியதும், தெரியாத ஒரு பெண்ணிடம், "இவ என்ற புள்ளைங்க. ஒம்பதாவது படிக்கிறா" என்று சொல்வது கேட்டது. அந்தப் பெண் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நான் தூங்குவதுபோல் இருந்துகொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கண்காட்சியில் எங்கள் மேசையில் இரண்டு ஐஸ் துண்டு வைத்தோம், ஒன்று செப்பில், ஒன்று வெள்ளியில். மேலே பலகையில் எழுதினேன்: "இந்தச் சோதனையை நம்பி நான் தவறு செய்தேன். எப்படி என்று கேளுங்கள்." பர்வீன் வேண்டாம் என்றாள். ஆனால் நிறையப் பேர் கேட்டார்கள். இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு. எரிமலை புகைவிட்டது, அதனால்தான்.

அக்டோபர் 18, சனி

இன்று மறுபடி காசு கொடுத்தோம். ஐந்து கிராம். மெல்லிசாக, சின்னதாக, பத்து கிராம் காசின் பக்கத்தில் குழந்தை மாதிரி இருக்கிறது. அம்மா எழுந்து நின்று, "இந்த வருசம் இவ்வளவுதான் முடிஞ்சுது. அடுத்த வருசம் எத்தன கிராமுன்னு மொதல்லயே சொல்ல மாட்டேன், அன்னைக்கு வெலைக்கு வர்றதுதான். இஷ்டமிருக்கறவங்க சேருங்க" என்றார். இருபத்தொன்பது பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இந்த முறை நான் சீட்டு எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை. பெயர் மட்டும் வாசித்தேன்.

லோகநாயகி அத்தை காசை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "எங்க, சீட்டு?"

"இல்லை அத்தை."

"சீட்டில்லாமக் காச வெச்சு நான் என்ன பண்றது?" ரவிக்கைக்குள்ளிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. பச்சை மையில் என் கையெழுத்து, சுழித்த 'ணி', இரண்டு புள்ளி. "இந்தா. பின்னாடி எழுது."

"இது தப்பான சீட்டு அத்தை. வேற தாள்ல எழுதித் தர்றேன்."

"எனக்கு இதுலதான் வேணும். கையெழுத்துப் போட்டவளே தப்பாச் சொல்லிட்டேன்னு முப்பது ஊட்டுப் படி ஏறுனா பாரு, அவ எழுதுனாத்தான் நான் நம்புவேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "எனக்கும், எனக்கும்" என்று கை நீட்டினார்கள். அம்மா உள்ளே போய் என் பேனாவை எடுத்து வந்து கொடுத்தார்.

சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினேன்: "எடை 5 கிராம். தண்ணீரில் 0.48. வெள்ளி. கோ. கோகிலவாணி."

அத்தை அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முன்பக்கம் திருப்பினார். மறுபடி பின்பக்கம்.

"கையெழுத்து மொதல்ல போட்டதுதான் பெருசா, அழகா இருக்குது."

"அப்ப நான் ஐஸ நம்பித்தான் போட்டிருந்தேன் அத்தை" என்றேன்.

மீதி முப்பத்தொரு சீட்டுகளையும் சின்னக் கையெழுத்திலேயே எழுதினேன்.